பாடத் தெரிந்த பண்டிதர்கள்

பள்ளிபாளையத்தைச் சுற்றிலும் பாடல் பெற்ற தலங்கள். வடக்கே பவானி, கிழக்கே திருச்செங்கோடு, தெற்கே காவிரிக்கரையில் கொடுமுடி. திருநீலகண்டப் பதிகம் திருச்செங்கோட்டுக்கு உரியது, சம்பந்தர் பாடியது, பண் வியாழக்குறிஞ்சி. சுந்தரரின் கொடுமுடிப் பதிகத்துக்குப் பண் பழம்பஞ்சுரம். இன்றைய ஓதுவார்கள் முன்னதைச் சௌராஷ்டிரத்திலும் பின்னதைச் சங்கராபரணத்திலும் பாடுகிறார்கள். இந்தப் பொருத்தத்தை யார் கண்டார்கள், எந்தச் சான்றால் கண்டார்கள் என்று கேட்கத் தொடங்கினால் அது இசையியல். பாடுவோரை விழா மலர்கள் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றன. பாட்டை ஆராய்ந்தவர்களைப் பற்றிச் சொல்ல இந்த மலரில் சில பக்கங்கள்.

ஐரோப்பாவில் இசையியலைப் பல்கலைக்கழகப் படிப்பாக வளர்த்ததில் வியன்னாவுக்குப் பெரும் பங்கு உண்டு. வியன்னா இசையியலாளர் கீடோ ஆட்லர் 1885இல் இத்துறையின் எல்லைகளை வகுத்து எழுதினார். பிறகு நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட் வந்தார். செல்லோக் கலைஞராக இருந்த அவர் 1953இல் வியன்னாவில் ஒரு வாத்தியக் குழுவைத் தொடங்கி, பழைய கருவிகளைத் தேடிப் பிடித்து, பழைய சுவடிகளைப் படித்து, பாக், மான்ட்டெவெர்டி ஆகிய பழைய இசையமைப்பாளர்களை அவரவர் காலத்து ஒலியில் வாசிக்க வைத்தார். வாசிப்பவரும் ஆராய்பவரும் ஒருவராகவே இருக்கலாம் என்பதற்கு உலகம் காட்டும் சான்றுகளில் அவர் ஒருவர். நம்மிடமும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களை மூன்று மரபினராகப் பிரிக்கலாம்.

முதல் மரபு, எழுதிக் காத்தவர்களுடையது. சின்னசாமி முதலியார் 1893இல் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறிப்பில் அச்சிடத் தொடங்கினார். எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதர் தம் குடும்பச் சொத்தான பாடாந்தரத்தை நூலாக்க வேண்டும் என்று தூண்டியவரும் அவரே. 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் கமகக் குறியீடுகளோடு அதில் உள்ளன. ஒரு ராகத்தின் பழைய உருவம் எது என்று இன்று சர்ச்சை எழுந்தால் இரு தரப்பும் புரட்டுவது அந்த நூலைத்தான். தான் கேட்டதை மாற்றாமல் எழுதுவது இந்த மரபின் அளவுகோல்.

இரண்டாம் மரபு, வேர் தேடியவர்களுடையது. உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்த பிறகுதான் அரங்கேற்று காதையின் இசைச் செய்திகள் ஆய்வாளர் கைக்கு வந்தன. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி மாநாடுகள் கூட்டினார்; 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். சுருதி இருபத்திரண்டு அன்று, இருபத்து நான்கு என்பது அவர் வாதம். 1916இல் பரோடா மாநாட்டில் அதை வெறும் கணக்காகச் சொல்லி நிறுத்தாமல் தம் பெண்மக்களைப் பாடவும் வீணை வாசிக்கவும் வைத்து விளக்கினார். மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பண்டை யாழ்களின் அமைப்பைக் கணித்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதே ஆண்டு அவர் மறைந்தார். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற எஸ்.ராமநாதன் தாம் எழுதியதையெல்லாம் மேடையில் பாடிக் காட்டக்கூடியவர். இந்த மரபில் துணிவு அதிகம். கருத்து வேறுபாடும் அதிகம். எனவே ஊகத்தை ஊகம் என்று சொல்லிவிட்டே முன்வைப்பது இதற்கு அளவுகோல்.

மூன்றாம் மரபு, கற்பித்தவர்களுடையது. இதன் தலைமகன் பி.சாம்பமூர்த்தி. 1901இல் நெல்லூர் மாவட்டம் பிட்ரகுண்டாவில் பிறந்தார். சட்டம் படித்தும் வழக்கறிஞராகத் தங்கிவிடாமல் இசைக்கு வந்தார். வயலின் பயின்றார், சென்னை ராணி மேரிக் கல்லூரியில் கற்பித்தார். 1931இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குப் போய் மேற்கத்திய இசையும் ஒப்பீட்டு இசையியலும் படித்தார். திரும்பி வந்தவர் மேற்கத்திய முறையை இங்கே நட்டு வைக்க முயலவில்லை. ஒரு துறையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதன் விளைச்சல்தான் ஆறு தொகுதிகளாக வந்த தென்னிந்திய இசைப் பாடநூல். குருவின் திண்ணையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற லட்சண அறிவை, தேர்வு எழுதும் மாணவி படிக்கும்படி படிநிலைகளாக அடுக்கினார். இசை அகராதி தொகுத்தார். தியாகராஜரின் ‘நௌகா சரித்திரம்’ போன்ற இசை நாடகங்களைச் சுரக்குறிப்போடு பதிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1971இல் பத்மபூஷண், 1972இல் சங்கீத கலாநிதி, 1973இல் மறைவு. கச்சேரி மேடையில் கொடி நாட்டாத ஒருவருக்கு மியூசிக் அகாடமி அந்தப் பட்டத்தை அளித்தது, ஆய்வும் சங்கீதமே என்ற ஒப்புதல்.

குறையும் சொல்ல வேண்டும். வாக்கேயக்காரர் வரலாறுகளை எழுதும்போது செவிவழிக் கதைகளுக்கும் ஆவணச் சான்றுகளுக்கும் நடுவே அவர் கடுமையான கோடு போடவில்லை. அவர் புத்தகத்தில் படித்ததை மறு கேள்வியின்றி ஒப்பிக்கும் பழக்கமும் வகுப்பறைகளில் வளர்ந்தது. நல்ல பாடநூலுக்கு நேரும் விபத்து அது.

நம் வட்டாரம் இந்த வரலாற்றுக்கு வெளியே இல்லை. கச்சேரியின் இன்றைய வடிவத்தை வகுத்தவர் என்று போற்றப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு இளமையில் கற்பித்தவர்களுள் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரும் ஒருவர். கே.பி.சுந்தராம்பாள் கொடுமுடிக்காரர். ஆனால் எழுத்தில் பதிவானது கொஞ்சம்தான். உடுக்கையடித்து இரவெல்லாம் பாடும் அண்ணன்மார் கதையை 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் ஒலிநாடாவில் பிடித்துவைக்கக் வெளிநாட்டிலிருந்து மானிடவியலாளர் பிரெண்டா பெக் வரவேண்டியிருந்தது.

மூன்று மரபுகளுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு: ஏட்டில் கண்டதைப் பாடிப் பார்க்க வேண்டும்; பாட்டில் கேட்டதை ஏட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பாடத் தெரியாத ஆய்வாளர் கணக்கில் வழுக்குவார். படிக்காத பாடகர் தமக்குக் கிடைத்த பாடாந்தரமே ஆதி என்று நம்பிவிடுவார்.

விழா நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கத்துக் கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார்கள், மல்லாரி வாசிக்கும் நாகஸ்வரக்காரர்கள், உடுக்கைப் பாட்டுக்காரர்கள் ஆகியோரைப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார்கள், எந்த ஊர் வழக்கம் என்பதைக் கேட்டு எழுதுங்கள். இசை படித்த ஒருவரைக் கொண்டு சுரப்படுத்தி அடுத்த மலரில் அச்சிடுங்கள். செலவு ஒரு கச்சேரிப் பந்தலுக்கு ஆவதைவிடக் குறைவாகவே இருக்கும்.