லயனல் வென்டின் இருட்டறை: ஒரு விமர்சனக் குறிப்பு

புகைப்படத்தை விமர்சிக்க முனைவோர் பெரும்பாலும் கமராவின் முன்னால் நின்றதைப் பற்றியே பேசுகின்றனர். படம் அச்சாகும் இருட்டறை அவர்தம் கவனத்துக்கு வருவதில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தைப் பொறுத்தவரை இக்குறைபாடு சிறியதன்று. லயனல் வென்டின் (1900–1944) படங்களை ஒரு சாரார் கிராமிய இலங்கையின் ஆவணங்கள் என்பர். மறுசாரார் கொழும்பு உயர்குழாத்தைச் சேர்ந்த ஒருவரின் அழகியல் உல்லாசம் என்பர். இரு சாராரும் படத்தின் பொருளையே நோக்கினர். அச்சிட்ட முறையை நோக்கினாரில்லர்.

மங்கிய செவ்வொளியில், பெருப்பிக்கும் கருவியினூடாக நெகற்றிவின் நிழல் வெள்ளியுப்புப் பூசிய தாளிற் சில விநாடிகள் விழுகின்றது. அவ்வேளையிற் கையாலோ அட்டைத்துண்டாலோ ஓரிடத்தை மறைத்தால் அவ்விடம் வெளிறும். ஓரிடத்துக்கு ஒளியை நீட்டித்தால் அது கறுக்கும். அதன் பின்னரே உருத்துலக்கும் கரைசலும், 'ஐப்போ'வும், நீண்ட கழுவலும். ஒரே நெகற்றிவிலிருந்து முற்றிலும் வேறான படங்கள் பிறக்கலாம். அமெரிக்கரான அன்செல் அடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவெழுச்சிப் படத்தின் முற்பட்ட பிரதிகளில் வானம் வெளிறியிருக்க, பிற்காலப் பிரதிகளில் அது காரிருளாகின்றது. பியானோ பயின்றவராதலின் அவர் நெகற்றிவை இசைக்குறிப்புக்கும் அச்சுப்படத்தை வாசிப்புக்கும் ஒப்பிட்டார்.

வென்டும் பியானோக் கலைஞரே. ஆனால் அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவுகள் அழிக்கப்பட்டுவிட்டன. குறிப்புத் தொலைந்து வாசிப்பு மட்டும் எஞ்சிய நிலை இது. இனி எவரும் அவற்றை வேறுவிதமாக அச்சிட்டுக் காட்ட இயலாது. 1950இல் இலண்டனில் வெளியான 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' நூலை மட்டும் புரட்டித் தீர்ப்புக் கூறுவதும் போதாது. அச்சுமையின் கருமை வேறு, வெள்ளியின் கருமை வேறு.

மான் ரே முன்னரே கையாண்ட 'சோலரைசேஷன்' உத்தியை வென்ட் பெரிதும் விரும்பினார். உருத்துலங்கும் வேளையில் மீண்டும் ஒளி பாய்ச்ச, ஒளியும் நிழலும் ஓரளவு தலைகீழாகி, விளிம்புகளில் ஒரு கோடு படரும். வெற்றுடலின் வளைவை அக்கோடு தனித்தெடுக்கும்போது உத்தி பொருளோடு இயைகின்றது. சில படங்களிலோ (வென்டின் அபிமானிகள் பொறுத்தருள்க) அது வெறும் வித்தையாகவே நின்றுவிடுகின்றது.

இதனினும் முக்கியமானது கருந்தோலை அவர் அச்சிட்ட முறை. மீனவரும் கிராமத்து இளைஞரும் செதுக்கிய சிலைகள்போல் ஒளிர்கின்றனர். உழைப்பின் களைப்பு அந்த மினுக்கத்தில் மறைந்துபோகின்றது. முற்போக்கு விமர்சகர் இதனைச் சுட்டுவது நியாயமே. எனினும் அம்மறைப்பிற் பெரும்பங்கு இருட்டறையில், நிழல் எவ்வளவு விழுங்கலாம் என்று தீர்மானித்த விநாடிகளில் நிகழ்ந்தது என்பதையும் அவர்கள் கூறியிருக்கவேண்டும். கூறியிருப்பின் மற்றொன்றும் அவர்களுக்குப் புலப்பட்டிருக்கும். முகத்தை வெளுப்பாகக் காட்டுவதையே வாடிக்கையாளர் விரும்பிய ஸ்ரூடியோ மரபின் நடுவே, கறுப்புத் தோலுக்கு அதன் எல்லாப் படிநிலைகளையும் வழங்கியதும் அதே விநாடிகள்தாம்.