கையொப்பமும் பண்டமும்: உளவு நாவல்களின் முதற்பதிப்புச் சேகரிப்புப் பற்றிச் சில குறிப்புகள்

உளவு நாவல்கள் பற்றி முற்போக்கு விமர்சனம் இதுவரை கூறியவை பெரும்பாலும் அவற்றின் உள்ளடக்கம் சார்ந்தவை. பிரித்தானிய ஆளும் வர்க்கம் தனது பேரரசை இழந்துகொண்டிருந்த வேளையில், அவ்விழப்பைக் கற்பனையில் ஈடுசெய்யும் வீரனாக ஜேம்ஸ் பொண்ட் படைக்கப்பட்டான் என்பதும், கெடுபிடி யுத்தத்தின் கருத்துநிலையை அந்நாவல்கள் பொழுதுபோக்கு வடிவில் மக்களிடையே பரப்பின என்பதும் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டவை. இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயின், நாவல் என்பது அச்சிட்டு, விலை குறித்து, விற்கப்படும் ஒரு பண்டமுமாகும். வாசித்து முடிந்தபின் அப்பண்டத்துக்கு யாது நேர்கின்றது என்னும் வினாவை எமது விமர்சனம் எழுப்பியதில்லை. ஆசிரியர் கையொப்பமிட்ட முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்க்கும் வழக்கத்தைச் செல்வந்தரின் பைத்தியம் எனத் தள்ளிவிட்டோம். அவ்வாறு தள்ளியது தவறு என்றே இப்பொழுது எமக்குத் தோன்றுகின்றது.

இயன் பிளெமிங்கின் முதல் நாவலான 'கசினோ றோயல்' 1953 ஏப்ரல் 13 இல் இலண்டன் ஜொனதன் கேப் வெளியீட்டகத்தினரால் 4,728 பிரதிகளாக வெளியிடப்பட்டது. விலை பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். அவற்றுட் கணிசமானவை பொதுசன நூலகங்களைச் சென்றடைந்தன. அங்கே அவற்றின்மீது முத்திரை குத்தப்பட்டது. இரவல் தாள் ஒட்டப்பட்டது. வாசகர் பலரின் கைபட்டு அவை தேய்ந்தன. இன்று சேகரிப்போர் வேண்டுவது இவ்வழியே செல்லாது தப்பிய பிரதிகளையே. அவற்றுள்ளும் தரவேறுபாடு உண்டு. நூலின் மேலுறை இல்லையெனின் விலை பன்மடங்கு வீழ்ந்துவிடும். அம்மேலுறையின் உள்மடிப்பில் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையின் மதிப்புரை அச்சிடப்பட்டிருப்பின் அது பிந்திய அச்சு; மதிப்புரை இல்லாததே முந்தியது, ஆதலால் உயர்ந்தது. அப்பொழுது கெம்ஸ்லி நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த அப்பத்திரிகையோடு தொடர்புடைய வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் முகாமையாளராகப் பணியாற்றியவர் பிளெமிங்கே. நூலை விற்பதற்கென அச்சிட்ட அப்பாராட்டு இப்பொழுது அதே நூலின் விலையைக் குறைக்கின்றது!

கையொப்பத்தின் நிலை இதனினும் சிக்கலானது. இயந்திர மறுபதிப்பு ஒரு கலைப்பொருளின் தனித்தன்மையை, அதனைச் சூழ்ந்த ஒளிவட்டத்தை, அழிக்கின்றது என வோல்ற்றர் பென்யமின் 1930களில் வாதிட்டார். ஓர் அச்சில் வார்த்தெடுத்த ஆயிரக்கணக்கான பிரதிகளுள் ஒன்று மற்றொன்றிலிருந்து வேறுபடுவதில்லை. உளவு நாவல் போன்ற சனரஞ்சக இலக்கியம் இதற்குச் சிறந்த உதாரணம். ஆசிரியரின் பேனா அப்பிரதிகளுள் ஒன்றின் முதற்பக்கத்தைத் தொட்டதும் அது ஏனையவற்றிலிருந்து பிரிந்து ஒற்றைப் பொருளாகிவிடுகின்றது. பொதுச்சந்தைக்கென ஆக்கப்பட்ட பண்டம் தனிச்சொத்தின் மேன்மையைப் பெறுவது இவ்வாறே. பெயரை மட்டும் எழுதிய பிரதிக்கு ஒரு விலை. புகழ்பெற்ற ஒருவருக்கு அன்பளிப்பாக எழுதிக் கொடுத்ததற்குப் பெருவிலை. நூலின் வாசகத்தில் ஓர் எழுத்தேனும் மாறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

வெளியீட்டாளர் இதனை அறியாதவரல்லர். 1963 இல் 'ஒன் ஹேர் மெஜஸ்ரிஸ் சீக்ரெற் சேர்விஸ்' நாவல் வெளிவந்தபொழுது, பொதுப்பதிப்புடன் பிளெமிங் கையொப்பமிட்டு இலக்கமிட்ட 250 பிரதிகளையும் கேப் வெளியீட்டகம் தனியாகத் தயாரித்தது. காலத்தின் போக்கில் எதேச்சையாகத் தோன்றவேண்டிய அருமை இங்கே திட்டமிட்டு உற்பத்தி செய்யப்பட்டது. 1964 ஓகஸ்ட் 12 இல் பிளெமிங் காலமானார். மறுவருடம் வெளிவந்த 'த மான் வித் த கோல்டன் கன்' நாவலின் எப்பிரதியிலும் அவரது கையொப்பம் இருத்தல் இயலாது. ஏனையவற்றில் உள்ள கையொப்பங்களின் தொகை அன்றோடு வரையறைப்பட்டது. உழைப்பாளி ஒருவனின் மரணம் அவன் முன்பு ஆக்கிய பொருளின் விலையை உயர்த்துவது கலைச்சந்தையின் தனி நியதிகளுள் ஒன்றாகும்.

ஜோன் லெ கரேயின் கையொப்பம் வேறொரு வேடிக்கையைக் கொண்டது. பிரித்தானிய உளவுச் சேவையிற் பணியாற்றியமையாற் சொந்தப் பெயரில் எழுத இயலாதிருந்த டேவிட் கோர்ன்வெல் என்பவர் புனைந்துகொண்ட பெயர் அது. இல்லாத ஒருவரின் கையொப்பமே உண்மையானதெனச் சந்தையிற் பேணப்படுகின்றது. அவரது 'த ஸ்பை ஹூ கேம் இன் புறொம் த கோல்ட்' (1963) நாவலை வெளியிட்ட விக்டர் கொலன்ஸ் நிறுவனத்தாரே 1936 இல் இடதுசாரி நூற்கழகத்தைத் தோற்றுவித்து, பாசிச எதிர்ப்பு நூல்களைச் செம்மஞ்சள் அட்டையுடன் மலிவுவிலையில் உறுப்பினர்க்கு வழங்கியவர்கள். படித்துக் கைமாற்றிக் கொடுப்பதற்கென ஆக்கப்பட்டவை அந்நூல்கள். ஒரே வெளியீட்டகத்தின் இருவகை நூல்களுக்கு நேர்ந்த இருவேறு கதியைத் தனியாக ஆராயலாம்.

இவ்விடத்தில் எமது வாதம் இதுவே: சேகரிப்புச் சந்தையின் அளவுகோலில், வாசிக்கப்பட்டமையின் தடயம் ஒவ்வொன்றும் ஒரு குறையாகும். மடித்த பக்கம், பென்சிற் கோடு, தேநீர்க் கறை, நூலக முத்திரை யாவும் விலையைக் குறைப்பன. பயன் பெறுமானம் மெய்ப்பட்ட பிரதியிற் பரிமாற்றப் பெறுமானம் அருகுகின்றது. இலக்கியத்தின் சமூக வரலாற்றை எழுத முனையும் எமக்கோ அந்தத் தடயங்களே சான்றுகள். எந்த ஊர் நூலகத்தில் எத்தனை தடவை ஒரு நாவல் இரவல் பெறப்பட்டது என்பதை ஒட்டிய தாளின் திகதி முத்திரைகள் கூறும். எவரும் பேணாமையால் அப்பிரதிகள் கழிக்கப்பட்டுக் கூழாகிப் போயின.

எனினும் சேகரிப்போரை மாத்திரம் குறைகூறுதல் நியாயமாகாது. பல ஆராய்ச்சி நூலகங்கள் மேலுறையைக் குப்பையென அகற்றிவிட்டே நூலைத் தட்டில் வைத்தன. எரிக் அம்ப்ளர் 'அன்கொமன் டேஞ்சர்' (1937) நாவலிற் சோவியத் உளவாளி ஒருவரை நட்புக்குரியவராகப் படைத்தார். கெடுபிடி யுத்தத்துக்கு முன்னைய, பாசிசத்துக்கு எதிரான உளவு நாவல் மரபு அது. அத்தகைய நூல்களை அக்கால வாசகருக்கு எவ்வாறு அறிமுகஞ் செய்து விற்றனர் என்பதை அறிய மேலுறைகள் வேண்டும். அவற்றைக் காத்தவர் சேகரிப்போரே. அவர்தம் நோக்கம் எதுவாயினும் ஆய்வாளர் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள். சனரஞ்சக இலக்கியத்தை நாம் இழித்துரைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் அதன் அச்சுவிபரங்களை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தனர்.

பிளெமிங்கும் ஒரு சேகரிப்பாளரே. வங்கியாளர் குடும்பத்திற் பிறந்த அவர், 1930களில் பேர்சி மியூர் என்னும் நூல் வணிகரின் துணையுடன், நவீன உலகை மாற்றிய சிந்தனைகளின் முதற்பதிப்புகளைத் திரட்டினார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' அவற்றுள் ஒன்று. 1848 இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை மற்றொன்று. ஒவ்வொரு நூலுக்கும் குடும்பச் சின்னம் பொறித்த கரும்பெட்டி செய்வித்தார். 1963 இல் இலண்டனில் அச்சுக்கலையும் மனித சிந்தனையும் பற்றி நடைபெற்ற பெருங்கண்காட்சிக்கு இத்தொகுதியிலிருந்து 44 நூல்கள் இரவல் வழங்கப்பட்டன. சோவியத் ஆட்சியைத் தமது நாவல்களில் உலகின் பகையாகச் சித்திரித்தவர், மார்க்சும் எங்கெல்சும் எழுதிய அறிக்கையைத் தமது பெட்டியிற் பத்திரமாக வைத்திருந்தார். வரலாற்றில் அதன் இடத்தை அவர் அறிந்திருந்தார் என்பதிற் சந்தேகமில்லை. அவ்வறிவு அதனைச் சொத்தாக்குவதற்குத் தடையாகவும் இருக்கவில்லை.

இலண்டனில் ஜெர்மன் மொழியில் அச்சாகிய அவ்வறிக்கை, ஆசிரியர் பெயரின்றியே முதலில் வெளிவந்தது. இருவர் பெயரும் 1850 இன் ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் அச்சில் வெளிப்பட்டன. கையொப்பத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை. பிளெமிங் தொகுதி 1970 இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழக லில்லி நூலகத்தை அடைந்தது. அங்கே வாசகர் அதனைக் கேட்டுப் பெற்று, மேசையில் வைத்துப் படிக்கலாம்.