முதல் கேட்பின் தீர்ப்பு

மாலை ஆறு மணிக்கு ஒரு படத்தின் பாடல்கள் மொத்தமாக வெளியாகின்றன. ஆறு பாட்டு, எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட வராது. ஏழு மணிக்குள் கருத்துகள் வந்து குவிந்துவிடுகின்றன. "ரெண்டாவது பாட்டு லூப்ல ஓடுது. நாலாவது ஸ்கிப். அந்த மெலடி ஸ்லோ பாய்சன். மொத்தத்துல பத்துக்கு ஏழு." எழுதியவர் சங்கீதம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. பேருந்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்ட ஒரு ரசிகர், கேட்டதும் தோன்றியதை நாலு வரியில் சொல்கிறார். தமிழ்த் திரையிசைக்கு இன்று கிடைக்கும் விமர்சனத்தில் பெரும்பகுதி இந்த நாலு வரிதான். படத்துக்குப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிற இடங்களில்கூடப் பாடல்கள் ஒரு பத்தியில், பல நேரம் ஒரே வாக்கியத்தில் முடிந்துபோகின்றன. ஆகவே ரசிகரின் இந்தக் குறுங்கருத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அது எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்த்தாக வேண்டும்.

சுருக்கமாக இருப்பதே அதன் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதிய கல்கியும், பின்னால் வந்த சுப்புடுவும் ஒரு பாடகரின் பலவீனத்தை ஒற்றை வாக்கியத்தில் பிடித்துக் காட்டத் தெரிந்தவர்கள். மதிப்பெண் போடுவதும் நமக்குப் புதிதல்ல. '16 வயதினிலே' படத்துக்கு 1977இல் விகடன் கொடுத்த 62.5 மதிப்பெண்ணை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கல்கியும் சுப்புடுவும் கச்சேரியை உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதினார்கள். கச்சேரி அன்றோடு முடிந்தது. அதற்கு உடனே தீர்ப்பு எழுதுவதில் நியாயம் இருந்தது. திரைப்பாடல் வெளியாகிற நாளில்தான் பிறக்கிறது. படம் வர வேண்டும், காட்சியோடு பார்க்க வேண்டும், கல்யாண வீட்டு மேளக்காரர் வாசிக்க வேண்டும், டீக்கடையில் ஒலிக்க வேண்டும். பிறந்த அன்றே ஜாதகம் கணிப்பதுபோல் அதற்கு மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

கேசட் காலத்து ரசிகருக்கு இப்படி உடனே கருத்து எழுதும் வசதி இருக்கவில்லை. பிடித்த பாட்டைக் கேட்டு இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை போடலாம். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்து அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கலாம். அந்தப் பட்டியலே ஒரு விமர்சனம்தான்; எது சேர்ந்தது, எது விடுபட்டது என்பதில் அவருடைய ரசனை முழுக்கத் தெரியும். ஆனால் ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று சொல்ல அதில் இடமில்லை. இப்போது இடம் இருக்கிறது. அது பெரிய லாபம் என்றே நினைக்கிறேன்.

அந்த லாபம் முதலில் போய்ச் சேர்வது புதியவர்களுக்கு. 2012இல் 'அட்டகத்தி' வந்தபோது இயக்குநர் பா. இரஞ்சித்துக்கும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுக்கும் அதுவே முதல் படம். விளம்பரத்துக்கு உதவ அதில் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. 'ஆடி போனா ஆவணி' பாட்டில் கானா பாலாவின் குரலைக் கேட்ட ஒருவர் இன்னொருவரிடம் "இதைக் கேட்டுப் பாரு" என்று சொல்லிச் சொல்லித்தான் இப்படிப்பட்ட ஆல்பங்கள் பரவ முடியும். பெரிய பெயர் இல்லாதவரின் பாட்டுக்கு முன்பின் தெரியாத ஒருவர் எழுதும் இரண்டு வரியின் மதிப்பு, பெரிய இசையமைப்பாளருக்குக் கிடைக்கும் ஆயிரம் வாழ்த்துகளுக்கு இல்லை.

இன்னொரு லாபம், காதுக்குப் புதிதாகப் பட்டதை அது சூடு ஆறாமல் சொல்லிவிடும். 1993இல் வந்த 'திருடா திருடா' ஆல்பத்தில் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வாத்தியமே கிடையாது. பாடுகிறவருக்குப் பின்னால் இருப்பதெல்லாம் குரல்கள். "இந்தப் பாட்டில் வாத்தியம் இல்லை, கவனித்தீர்களா?" என்று ஒருவர் ஒரே வரி எழுதினால் போதும். படிக்கிற ஆள் திரும்பப் போய்க் கேட்பார், முதல் தடவை கேட்காத ஒன்றைக் கேட்பார். விமர்சனத்திடம் நான் எதிர்பார்ப்பதே இந்த உதவியைத்தான். அதற்கு நீண்ட கட்டுரை தேவையில்லை. 'சர்கார்' படத்தின் 'சிம்டாங்காரன்' 2018இல் வெளியானபோதும் இது நடந்தது. "ஒன்றும் புரியவில்லை" என்று பலர் எழுதினார்கள். சென்னைப் பேச்சு தெரிந்தவர்கள் வந்து பாடலாசிரியர் விவேக் எந்தத் தெருவின் மொழியை எடுத்திருக்கிறார் என்று விளக்கினார்கள். அதன் பிறகு அந்தப் பாட்டைக் கேட்கும் விதமே மாறியது. உச்சரிப்பைப் பற்றி ரசிகர்கள் விடாமல் குறை சொல்வதும் இந்த வகையில் நல்ல காரியமே. லகர, ளகர, ழகரம் கெடும்போது அதை உடனே பிடிப்பவர்கள் ரசிகர்கள்தான்.

இனி சறுக்கல். இதற்கு 'நீதானே என் பொன்வசந்தம்' ஆல்பத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2012 செப்டம்பரில் வந்தது. கௌதம் வாசுதேவ் மேனனும் இளையராஜாவும் சேர்ந்த படம், எட்டுப் பாட்டு, ஹங்கேரி இசைக்குழுவினரின் வாசிப்பு. அன்று எழுதப்பட்ட கருத்துகள் இரண்டே வகை. ஒரு தரப்புக்கு ராஜா திரும்பி வந்துவிட்டார். இன்னொரு தரப்புக்கு இது பழைய ராஜா இல்லை. இரண்டு தரப்புமே 1980களின் ராஜாவைப் பற்றிப் பேசின. கையில் இருந்த எட்டுப் பாட்டைப் பற்றி மிகக் கொஞ்சம்தான் பேசின. பாட்டைப் பற்றிப் பேசியவர்கள் குரல்களில் நின்றுவிட்டார்கள். யுவனின் குரல் இந்த மெட்டுகளைத் தாங்கவில்லை, சுனிதி சௌஹானின் தமிழ் சரியில்லை என்றார்கள். அந்தக் குறைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. 'பெண்கள் என்றால்' இன்றைக்குக் கேட்டாலும் குரலும் மெட்டும் ஒட்டாமல்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஆல்பத்தின் உயிர் குரலில் இல்லை. கூட்டமாக வாசிக்கப்படும் தந்தி வாத்தியங்களில் இருக்கிறது. மெட்டைக் காது பிடித்துக்கொண்ட பிறகுதான் அதற்குக் கீழே வயலின்கள் தங்களுக்குள் வேறொரு உரையாடல் நடத்துவது கேட்கும். முதல் முறை கேட்கும்போது காது மெட்டைத் தேடுவதிலேயே செலவாகிவிடும். அது யாருடைய தவறும் இல்லை, காது அப்படித்தான் வேலை செய்கிறது. 'சற்று முன்பு', 'முதல் முறை' இரண்டும் அடிபட்ட ஒரு பெண்ணின் கோபமும் அழுகையும். செப்டம்பரில் கேட்டவருக்கு அந்தப் பெண் யார், என்ன இழந்தாள் என்று தெரியாது. அதனால் பாட்டு தேவைக்கு மேல் கத்துவதாகப் பட்டது. டிசம்பரில் படம் வந்தது. படம் பெரிதாக ஓடவில்லை. ஆனால் 'காற்றைக் கொஞ்சம் நிற்கச் சொன்னேன்' பாட்டும் 'சாய்ந்து சாய்ந்து' பாட்டும் அதன் பிறகு தங்கிவிட்டன. முதல் நாள் ஏமாற்றம் என்று எழுதியவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்து ஒரு வரி சேர்த்தார்கள்? நான் பார்த்தவரை மிகக் குறைவு. முதல் நாள் தோன்றியது தவறாக இருக்கலாம், அதில் வெட்கம் இல்லை. அதையே இறுதித் தீர்ப்பாக விட்டுவிட்டுப் போவதுதான் பொறுப்பின்மை.

இதே கதை 'இருவர்' ஆல்பத்துக்கும் உண்டு. 1997இல் படம் தோற்றது. பழந்தமிழ் நடையில் 'நறுமுகையே' பாட்டையும் ஜாஸ் சாயலில் 'ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி' பாட்டையும் ஒரே கேசட்டில் வைத்திருந்த அந்தத் துணிச்சல் பிற்பாடுதான் பேசப்பட்டது. 'கடல்' (2013) படமும் ஓடவில்லை. 'நெஞ்சுக்குள்ளே', சித் ஸ்ரீராமைத் தமிழுக்கு அறிமுகப்படுத்திய 'அடியே' இரண்டும் நின்றன.

பாட்டின் எந்தப் பகுதியைக் கேட்டுவிட்டுக் கருத்து எழுதப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் திரைப்பாட்டுக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, இரண்டாம் சரணம். ராஜாவின் பல பாட்டுகளில் இடையிசைதான் பாட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோகும். முதல் இடையிசையும் இரண்டாவதும் ஒன்றாக இருக்காது. முதல் நாள் கருத்துகளோ பெரும்பாலும் பல்லவியைப் பற்றியவை. 'ஹூக்' பிடித்ததா, இல்லையா, அவ்வளவுதான். ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடி கேட்டாலே ஒரு பாட்டு ஒலித்ததாகக் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஏற்பப் பாட்டுகளும் முன்னிசையைச் சுருக்கிக்கொண்டு, எடுத்த எடுப்பில் ஹூக்கை வைக்கத் தொடங்கிவிட்டன. இரண்டாம் சரணம் இல்லாத பாட்டுகள் பெருகிவிட்டன. ரசிகரின் அவசரமும் நிறுவனங்களின் அவசரமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. பல்லவிக்கு மட்டும் மதிப்பெண் போட்டுக்கொண்டே இருந்தால் இனிமேல் பல்லவி மட்டும்தான் கிடைக்கும்.

ஆல்பம் என்ற வடிவமும் கலைந்துவிட்டது. 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' தனிப்பாட்டாக வந்து பரவிய பிறகு, பாட்டுகளை ஒவ்வொன்றாக லிரிக்கல் வீடியோவாக விடுவது வழக்கமாகிவிட்டது. கடைசியில் எல்லாம் சேர்ந்து ஜூக்பாக்ஸாக வரும்போது பாதிப் பாட்டு பழசாகியிருக்கும். புதிதாகச் சேர்ந்த இரண்டு பாட்டுக்கு, அவை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அரை வரிகூடக் கிடைப்பதில்லை.

ஒப்பீடு இன்னொரு நோய். 2022இல் 'பொன்னியின் செல்வன்' படத்தின் 'பொன்னி நதி' பாட்டு வந்ததும் "இது சோழர் காலத்துப் பாட்டு மாதிரி இல்லையே" என்ற குறை எழுந்தது. சோழர் காலத்தில் ஆற்றங்கரையில் குதிரையில் போனவன் எப்படிப் பாடினான் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? தேவாரப் பண் மரபு கோயிலில் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தெருப்பாட்டுக்கு ஒலிப்பதிவு இல்லை. குறை சொன்னவர்கள் மனதில் வைத்திருந்த அளவுகோல் சோழர் காலம் அல்ல, பழைய சரித்திரப் படங்களின் சங்கீதம். அதை அப்படியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நல்ல விவாதமாகியிருக்கும். அந்தப் பாட்டைப் பாடியவர்களில் ஒருவரான பம்பா பாக்யா, படம் வருவதற்கு முன்பே அந்த செப்டம்பரில் இறந்துபோனார். அவருடைய கனத்த குரலைப் பற்றி முதல் நாளே எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ரசிகர் அணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராஜா அணி, ரகுமான் அணி, அனிருத் அணி என்று நின்று எழுதப்படுவது எதுவும் பாட்டைப் பற்றியதல்ல. காசு வாங்கிக்கொண்டு எழுதுவதும் அப்படியே. இரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

'ஸ்லோ பாய்சன்' என்று எழுதுவதை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். "இப்போது பிடிக்கவில்லை, பின்னால் பிடிக்கலாம்" என்பதைச் சொல்லும் நேர்மையான வழியாக அது தொடங்கியது. முதல் கேட்பின் எல்லையை ரசிகர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இப்போது தன் அபிமான இசையமைப்பாளரின் எந்தச் சப்பைப் பாட்டுக்கும் போடும் சால்வையாகிவிட்டது. பிறகு உண்மையாகவே பிடித்ததா என்று யாரும் திரும்ப வந்து சொல்வதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பெயர்கள் விடுபடுவது. 'நீதானே என் பொன்வசந்தம்' படத்தின் எட்டுப் பாட்டையும் எழுதியவர் நா. முத்துக்குமார். ராஜாவா, யுவனா என்று நடந்த அத்தனை சண்டையிலும் அவர் பெயர் அடிபட்டதாக நினைவில்லை. 2016இல் அவர் மறைந்த பிறகு அவருடைய வரிகளைத் தேடித் தேடிப் பகிர்ந்தோம். உயிரோடு இருந்தபோது புதுப்பாட்டின் கீழே அவர் பெயரை எழுதியிருக்கலாம். வாத்தியக் கலைஞர்கள் நிலை இன்னும் மோசம். 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசையில் புல்லாங்குழல் வாசித்தவர் நவீன்குமார் என்று தெரிந்தவர்கள் குறைவு. ரகுமானின் கேசட் உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர் அச்சானது. உறை போனது, பெயரும் போனது. ரசிகர் நினைத்தால் அந்தப் பெயர்களைத் தன் நாலு வரிக்குள் திரும்பக் கொண்டுவர முடியும்.

நாலு வரி எப்படி இருக்கலாம் என்றும் காட்டிவிடுகிறேன். 'காற்று வெளியிடை' (2017) ஆல்பத்தில் 'வான் வருவான்'. "பாடியவர் ஷாஷா திருப்பதி, வரிகள் வைரமுத்து. குரல் காதுக்குள் பேசுகிற நெருக்கத்தில் இருக்கிறது. தாளம் முன்னுக்கு வரவே இல்லை. இரைச்சலில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது, இரவில் கேளுங்கள்." இதில் மதிப்பெண் இல்லை, ஒப்பீடு இல்லை, ஜோசியமும் இல்லை. கேட்டது இருக்கிறது. அந்தப் பாட்டுக்கு ஷாஷாவுக்கும் அந்த ஆல்பத்துக்கு ரகுமானுக்கும் தேசிய விருது கிடைத்தது பின்னால் நடந்த செய்தி. அது தெரியாமலே அந்த வரிகளை வெளியான அன்றே யாரும் எழுதியிருக்க முடியும்.

புதுப்பாட்டைக் கேட்டுவிட்டு எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதுவதை நிறுத்தாதீர்கள்; உங்களை விட்டால் இந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச ஆளில்லை. இரண்டாம் சரணம் வரை கேட்டுவிட்டு எழுதுங்கள். பாடலாசிரியர் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் வந்து ஒரு மாதம் ஆனதும், முதல் நாள் எழுதியதை அழிக்காமல் அதற்குக் கீழேயே இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்.