யாருடைய உடலுக்கு மறுவாழ்வு?

மாரடைப்புக்குப் பிந்தைய பயிற்சி பற்றி இந்தியாவில் நடந்த பெரிய ஆய்வு ‘யோகா-கேர்’: 24 மருத்துவமனைகள், 3,959 நோயாளிகள், மூன்று மாதத்தில் 13 அமர்வுகள். முடிவுகள் 2020இல் வெளியாயின. யோகாவைக் கொண்டாடுகிறவர்களுக்கும், மதவாதம் என்று தள்ளிவிடும் நம் தோழர்களுக்கும் இந்தப் பிரதியில் பாதி போதும். மரணம், மறு மாரடைப்பு போன்றவை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆனால் நோயாளிகள் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், முந்தைய நடவடிக்கைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள்.

எனக்கு உறுத்துவது இந்த ‘முந்தைய நடவடிக்கை’தான். கல்லாவியிலிருந்து ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு அது இரவு ஷிப்டு, மூட்டை. “மூட்டை தூக்குறவனுக்கு எக்சர்சைஸ் எதுக்குங்க?” என்கிறார்கள். பயிற்சியில் வேகமும் ஓய்வும் இதயத்தின் கணக்கு. ஷிப்டில் அது முதலாளியின் கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கும் பேச்சில் வர்க்கம் ஒளிந்துகொள்கிறது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது; அதில் இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வருகிறது. இதயப் பயிற்சியும் அப்படி வரணும். ஆனால் அந்த மூன்று மாதம் அடுப்பு எரிவது எப்படி? நோயில் படுத்தால், இ.எஸ்.ஐ. அட்டைக்காரருக்கு ஆண்டில் 91 நாள்வரை 70 சதவீதக் கூலி உண்டு. அட்டையில்லாத தினக்கூலிக்கு அது இல்லை. ஆசனமா நடையா என்ற சண்டைக்கு முன்னால் நாம் கேட்கவேண்டியது அந்த 91 நாளை.