அச்சு யந்திரத்துக்கு ஒரு நிரந்தர விலாசம்

சாத்தூரில் தீப்பெட்டி வியாபாரக் காரியாலயம் ஒன்றில், பிரதர் எச்.எல்-எல்2351டிடபிள்யூ என்னும் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரைப் புழங்கிப் பார்த்ததில், நிமிஷத்துக்கு 30 பக்கம் வரை அச்சிடும் அதன் வேகத்தையும், தாளின் இருபுறமும் தானே அச்சிடும் அதன் சாமர்த்தியத்தையும்விட, அதற்கு ஒரு நிரந்தர விலாசம் அமைத்துக் கொடுக்க முடிகிற சௌகரியமே எனக்குப் பிரதானமாகப் பட்டது.

இவ்வூரில் அது அற்ப விஷயமன்று. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் செல்ல இ-வே பில் வேண்டும். பண்டல் ஏற்றி முடித்த லாரி வாசலில் நிற்க, மாதாந்தரப் பராமரிப்புக்காக நிறுத்திய கரண்ட் திரும்பியதும், காலைவரை ஒழுங்காக ஓடிய பிரிண்டர் கணினியில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுமானால், டிரைவர், லோடுமேன், குமாஸ்தா ஆகிய எல்லோருடைய பொழுதும் வீணாகிறது.

யந்திரத்தில் யாதொரு பழுதும் இராது. 1993-இல் வகுக்கப்பெற்ற டிஎச்சிபி என்னும் முறைப்படி, ரௌட்டர் தன்னிடம் சேர்கிற ஒவ்வொரு சாதனத்துக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணொன்றைத் தவணை வைத்தே வழங்குகிறது; மலிவான ரௌட்டர்களில் பல, மின்சாரம் போனதும் அந்தத் தவணைக் கணக்கை மறந்துவிடுவதால், பிரிண்டர் விழிக்குமுன் வந்து கேட்ட யாரோ ஒருவருடைய கைபேசிக்கு அதன் எண் போய்விட, பழைய எண்ணையே நம்பியிருக்கும் கணினி, பில்லை அனுப்பத் திசை தெரியாமல் நின்றுவிடுகிறது.

பரிகாரம் இரண்டு உண்டு. பிரிண்டரின் மெனுவில் நெட்வொர்க், டபிள்யூலேன், டிசிபி/ஐபி என்று இறங்கி, பூட் மெதட் என்பதை ‘ஸ்டாட்டிக்’ ஆக்கி எண்ணைப் பதிப்பது ஒன்று. ஒரே வரி தெரியும் சிறு திரையில் ஒவ்வோர் இலக்கமாக நகர்த்துவது மிகுந்த பொறுமையைக் கோருகிறது. ரௌட்டர் தானாக வழங்கும் எண்களின் வரம்புக்கு வெளியே ஓர் எண்ணைத் தேராவிட்டால் பழைய சங்கடம் வேறு உருவில் திரும்பிவிடும். பிரிண்டரின் பன்னிரண்டு இலக்க மேக் எண்ணை ரௌட்டரிலேயே பதிந்து, அதற்கென ஒரு விலாசத்தை ஒதுக்கிவைப்பது மற்றொன்று. நான் பின்னதையே சிபாரிசு செய்வேன். ஏனெனில், இன்டர்நெட் கம்பெனிக்காரர் நாளைக்கே வேறு ரௌட்டரைக் கொண்டுவந்து மாட்டினாலும், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மாறாதவரை, பிரிண்டர் புதிய எண்ணைத் தானே கேட்டுப் பெற்று வலைக்குள் வந்துவிடும். ‘ஸ்டாட்டிக்’ ஆக்கப்பட்டதோ, புதிய ரௌட்டரின் எண்வரிசை வேறாயிருந்தால் எவர் கண்ணிலும் படாமல் தனித்துக் கிடக்கும்.

இதோடு காரியம் முடிந்ததென்று எழுந்துவிடலாகாது. விண்டோஸ் தானாகச் சேர்த்துக்கொண்ட டபிள்யூஎஸ்டி போர்ட்டை நம்பியிராமல், பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ ஒன்றைச் சேர்த்து, ஒதுக்கிய எண்ணை அதில் எழுதவேண்டும். இதைச் செய்யாமல் விடுவோரே அதிகம். அதன்பின், லாரி எதுவும் காத்திராத ஒரு மத்தியான வேளையில் ரௌட்டரையும் பிரிண்டரையும் ஒருசேர அணைத்துப் போட்டு, காரியாலயத்துக் கைபேசிகளெல்லாம் வைஃபையில் சேரவிட்டு, பழைய பில் ஒன்றை மறுபடி அச்சிட்டுப் பார்க்கவேண்டும்.