வேலையற்ற பட்டதாரியும் சவரக் கத்தியும்: 1980-81 தமிழ்ப் படங்கள் சில

1980ஆம் ஆண்டுத் தீபாவளியையொட்டி, கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு', பாரதிராஜாவின் 'நிழல்கள்' ஆகிய இரு படங்கள் தமிழகத்தில் வெளிவந்தன. இரண்டுமே படித்துவிட்டு வேலையின்றி அலையும் இளைஞரைப் பற்றியவை. அடுத்த ஆண்டில் ராபர்ட்-ராஜசேகர் இரட்டையரின் 'பாலைவனச் சோலை' வந்தது. அதன் இளைஞர்களும் அத்தகையோரே. காதலனாகவோ வீரனாகவோ மட்டுமே திரையில் உலவிய இளைஞன், கையிலே சான்றிதழ்களுடன் வரிசையில் நிற்கத் தொடங்கியமை கவனத்திற்குரிய மாற்றமாகும். அக்காலப் படங்களுள் எவை பிடித்தவை என வினவுவோர்க்கு நான் முதலிற் குறிப்பிடுவன இவையே. ஆயினும் பிடித்தவை என்பதற்காக இவற்றின் கருத்துநிலையை ஆராயாது விடுதல் இயலாது.

'நிழல்க'ளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. வைரமுத்து பாடலாசிரியராக அறிமுகமான படம் என்பதனாலேயே அது இன்று பெரிதும் நினைக்கப்படுகிறது. வேலையற்ற கோபியும், இசையமைப்பாளனாக விழையும் ஹரியும் தொடக்கத்தில் உயிருள்ள மனிதர்களாகவே தோன்றுகின்றனர். பின்னர் காதலும் அதன் விளைவான அவலமும் கதையை எடுத்துச் சென்றுவிட, வேலையின்மை வெறும் பின்திரையாகின்றது. 'பாலைவனச் சோலை'யின் நட்புச் சித்திரிப்பு இதமானது. ஆனால் சுஹாசினி ஏற்ற கீதாவின் நோயும் மரணமும் வந்ததும், இளைஞரின் பிரச்சினைக்கு விடை கூறும் பொறுப்பிலிருந்து படம் தன்னை விடுவித்துக்கொள்கிறது.

'வறுமையின் நிறம் சிவப்பு' இவ்வாறு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தத்துவம் பயின்ற ரங்கன் (கமல்ஹாசன்) டில்லியிலே நண்பர்களுடன் பட்டினி கிடக்கிறான். உண்ண ஏதுமில்லாத நிலையில் அவர்கள் விருந்துண்பதாகப் பாவனை செய்யும் காட்சி, தமிழ்த் திரைப்படம் பசியைக் காட்டிய மிகச் சில இடங்களுள் ஒன்று. பசியை விடப் பசி வெளித்தெரிவதே பெரிய அவமானம் எனக் கருதும் நடுத்தர வர்க்க மனத்தை அக்காட்சி எவ்விதப் பிரசங்கமுமின்றித் திறந்துகாட்டுகிறது. ஏனைய இடங்களில் ரங்கன் பாரதியின் வரிகளை முழங்குகின்றான். அந்த முழக்கங்கள் அனைத்தும் சேர்ந்தும் வெறுந்தட்டின் ஓசைக்கு ஈடாகவில்லை.

இடர்ப்பாடு முடிவிலேதான் எழுகின்றது. ரங்கன் இறுதியில் முடிதிருத்தும் தொழிலை மேற்கொள்கிறான். கர்நாடக சங்கீதத்தைப் போற்றும் தந்தை (பூர்ணம் விஸ்வநாதன்) கத்தியுங்கையுமாக அவனைக் காண நேர்கின்றது. எத்தொழிலும் இழிந்ததன்று என்பதே இயக்குநர் கூறவிரும்பிய செய்தி. ஆனால் காட்சியின் வலு எங்கிருந்து வருகிறது? அத்தொழிலை இழிவென எண்ணிப் பழகிய பார்வையாளனின் அதிர்ச்சியிலிருந்தே வருகிறது. சாதியமைப்பிலே அக்கத்தி தலைமுறை தலைமுறையாகச் சிலரது கையில் திணிக்கப்பட்டது. அவர்தம் பிள்ளைகள் அக்கத்தியைக் கீழே வைப்பதற்காகவே பல்கலைக்கழகம் வரை படித்தனர். ரங்கனுக்குத் தியாகமாகத் தெரிவது அவர்களுக்கு விட்டுவந்த இடத்திற்கே திரும்புதலாகும். அவர்களுள் ஒருவன் இப்படத்தின் நாயகனாயின் இறுதிக் காட்சியை எவ்வாறு அமைத்திருக்க முடியும்? சாதியின் பெயரால் யாழ்ப்பாணத்திலும் ஆலயக் கதவுகளும் தேநீர்க்கடைகளும் பலருக்கு மூடிக்கிடந்ததை அறிந்த நமக்கு இவ்வினா கற்பனையானதன்று.

இங்கு சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி' (1970) நினைவுக்கு வருகின்றது. நேர்முகத் தேர்வில் அந்தத் தசாப்தத்தின் முக்கிய நிகழ்வு எதுவென வினவப்பட்ட சித்தார்த்தன், மனிதன் சந்திரனில் இறங்கியதைக் கூறாது வியட்நாம் யுத்தத்தைக் கூறுகிறான்; உடனே அவன் கம்யூனிஸ்டா என்ற கேள்வி எழுகின்றது. வேலை மறுக்கப்படுவதன் அரசியல் அந்தச் சில வார்த்தைகளில் வந்துவிடுகிறது. தமிழில் 'பொன்மணி'யை எடுத்த தர்மசேன பத்திராஜவும், கொழும்பின் வேலையற்ற இளைஞரைத் தமது 'அஹஸ் கவ்வ' (1974) என்ற சிங்களப் படத்தில் தனிமனித வீம்புக்கு அப்பால் வைத்து நோக்கினார். ரங்கனின் சினத்திற்கோ முகவரியில்லை. கதையை டில்லியில் நிகழ்த்தியதனால் தமிழக அரசும் தமிழகச் சமூகமும் விசாரணைக்குத் தப்பிவிடுகின்றன.

வியப்பு யாதெனில், அம்முகவரியை மறு ஆண்டிலேயே பாலசந்தர் கண்டடைந்தமையாகும். கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவிய 'தண்ணீர் தண்ணீர்' (1981) சிறந்த தமிழ்ப் படத்திற்கும் சிறந்த திரைக்கதைக்குமான தேசிய விருதுகளைப் பெற்றது. மேடைப் பேச்சின் வாடை அதில் ஆங்காங்கே வீசுவதை மறுப்பதற்கில்லை. பாத்திரங்கள் சில வேளைகளில் ஒருவரோடொருவர் பேசாது அரங்கை நோக்கிப் பேசுகின்றன. எனினும் இங்கு படித்த இளைஞனின் தன்மானம் கதையின் மையமன்று. அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமமே மையம். அக்கிராமம் மனுக் கொடுக்கின்றது, பயனில்லை. தப்பிவந்த கைதியான வெள்ளைச்சாமி தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து மாட்டுவண்டியில் நீர் கொணர்கிறான். பின்னர் ஊரார் ஒன்றுகூடித் தாமே கால்வாய் வெட்ட முனைகின்றனர். அப்பொழுதுதான், அதுவரை கண்ணிற் படாதிருந்த அரசு, அனுமதி பெற்றீர்களா என்று கேட்டுக்கொண்டு வந்துசேர்கின்றது.

அரசு செயற்படாதிருப்பதல்ல, மக்கள் செயற்படத் தொடங்கியதும் அது எத்துணை விரைவாகச் செயற்படுகின்றது என்பதே இப்படத்தின் கண்டுபிடிப்பு. அதனை இயக்குநர் ஒரு குடும்பத்தினுள்ளும் கொண்டுவந்து வைக்கிறார். ஊருக்கு நீர் கொணர்பவனுக்குத் துணை நிற்கும் செவ்வந்தியின் கணவன் ஒரு பொலிஸ்காரன். அவனைக் கொடியவனாக்கியிருந்தால் படம் மலிந்திருக்கும். அவனும் ஓர் உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்ள முயல்பவனே, ரங்கன் தேடியலைந்தும் கிடைக்காத அதே அரைக்காசு உத்தியோகத்தை. சரிதா அவனை நோக்கும் பார்வையில் வெறுப்பு மட்டுமில்லை. அவன் சம்பளம் எங்கிருந்து வருகிறதென்பதை அவள் அறிவாள்.