பரட்டை அண்ணனும் ப்ரொஜெக்டரும்

2020 ஊரடங்கில் எங்க சபை ஆராதனை ஜூமுக்கு மாறியபோது அதை நடத்திக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சபையில் "கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்" என்று பேர் எடுத்தால் இதுதான் கதி. பிரசங்கம் ஒழுங்காப் போச்சு. வேதவாசிப்பும் போச்சு. காணிக்கைகூட யுபிஐ-யில் வந்தது. பாட்டு மட்டும் முடியவில்லை. முதல் ஞாயிறு எல்லாருடைய மைக்கையும் திறந்துவிட்டு ஒரு கீர்த்தனையைப் பாடிப் பார்த்தோம். ஒரு வீடு பல்லவியில், இன்னொரு வீடு அனுபல்லவியில், ஒரே சந்தைக்கடை. காரணம் எளிது. சேர்ந்து பாடணும்னா ஒருத்தர் குரல் அடுத்தவர் காதுக்கு ஏறக்குறைய 30 மில்லிசெகண்டுக்குள் போய்ச் சேரணும். இணைய அழைப்பில் அதைவிடப் பல மடங்கு ஆகும். அடுத்த வாரத்திலிருந்து ஒரு பாடகர் மட்டும் பாடினார், மற்ற எல்லாரும் ம்யூட்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆராதனையில் மற்றதையெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம். சேர்ந்து பாடுவதற்கு மட்டும் ஆட்கள் ஒரே இடத்தில் மூச்சுவிட்டாக வேண்டும். அப்படியானால் சபையைப் பலப்படுத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, ஜனங்கள் பாடுகிறார்களா என்பதைத்தான். ஆலயம் திறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எங்க சபையில் அந்த ம்யூட் இன்னும் முழுசா எடுபடவில்லை. முன்னால் கீபோர்டு, ட்ரம்ஸ், நாலைந்து மைக், சுவரில் ப்ரொஜெக்டர். கடைசி பெஞ்சில் நின்றால் ஸ்பீக்கர் சத்தம்தான் கேட்கிறது. பாமாலை, கீர்த்தனை இரண்டுக்கும் நம்பர் சொன்னாலே வரி சொல்லும் என் பெரியம்மா வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். கேட்டால், "சுருதி எட்டலடா" என்கிறார்.

இந்த எரிச்சலில்தான் ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 2014-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலைத் திரும்ப எடுத்தேன். தமிழ் நாட்டார் இசையை தலித் விடுதலை இறையியலாகப் பார்க்கிற நூல் அது. நடுநாயகம் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005). மாணவர்களுக்கும் கிராமத்து ஜனங்களுக்கும் அவர் 'பரட்டை அண்ணன்'. முழு ஆராதனை முறையையே கிராமிய மெட்டில் போட்டவர். கர்த்தருடைய ஜெபத்தில் 'பிதாவே' என்பதற்குப் பதிலாக 'பெத்தவரே' என்று கூப்பிட வைத்தார். ஒரே சொல்லில் அப்பாவும் அம்மாவும் வந்துவிடுகிறார்கள், பேச்சுத்தமிழும் பலிபீடத்துக்கு வந்துவிடுகிறது. கூட்டுக்குடும்பத்தின் ஒரே உலையை நற்கருணைக்கு உருவகமாக எடுத்தார். எல்லாரும் ஒரே பானையில் சாப்பிடுவதுதான் அவருக்கு சாதி ஒழிப்பு.

அவருடைய முக்கியமான வாதம் இது: கீர்த்தனை எழுதி முடிக்கப்பட்ட பொருள், கற்றவர்களின் தமிழ், கர்நாடக ராகம். நாட்டுப்பாட்டை ஜனங்கள் தாங்களே மாற்றிக்கொள்ளலாம், வரி சேர்க்கலாம், இடத்துக்குத் தக்கபடி திருப்பிப் பாடலாம். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒன்று படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைல், மற்றது ஓப்பன் சோர்ஸ்.

முதல் பாதியோடு எனக்குச் சண்டை உண்டு. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கும். சபை பாடுவது பெரும்பாலும் அந்த ராகத்தில் இல்லை! உபதேசியார் ஒரு அடி சொல்ல, எழுத்து தெரியாதவர்கள் திருப்பிச் சொல்லி, கமகமெல்லாம் தேய்ந்து, ஊருக்கு ஒரு மெட்டாக ஆகியிருக்கிறது. எங்க அம்மா ஊரில் பாடுகிற மெட்டு அப்பா ஊரில் செல்லாது, கல்யாணத்தில் அதற்கே ஒரு விவாதம் நடந்தது. ஜனங்கள் கீர்த்தனையிலும் கைவைத்துத்தான் இருக்கிறார்கள். அனுமதி கேட்கவில்லை, அவ்வளவுதான். ஷெரினியன் அப்பாவுவின் எதிர்நிலையை அப்படியே ஏற்றுக்கொள்வதால் இந்த இடம் நூலில் மெலிந்துபோகிறது என்பது என் வாசிப்பு.

ஆனால் அப்பாவு ஏன் அப்படிக் கோபப்பட்டார் என்பதற்கு வரலாறு கொஞ்சம் பார்க்க வேண்டும். தரங்கம்பாடி லுத்தரன்கள் ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ் வார்த்தை பொருத்திய ஞானப்பாட்டுகளோடு ஆரம்பித்தார்கள். அதற்கு எதிரில் தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), ஸ்வார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரின் நண்பர், நம்ம இசையில் ஏராளமாக எழுதிக் குவித்தார். மதுரை அமெரிக்கன் மிஷனின் எட்வர்ட் வெப் 1853-இல் தொகுத்து அச்சிட்ட பிறகு கீர்த்தனைகள் மிஷன் எல்லைகளைத் தாண்டிப் பரவின. இன்று 'பாரம்பரியம்' என்று நாம் காப்பாற்றத் துடிப்பது அன்றைய புதுமை. சங்கடமான விஷயம் ஒன்றும் உண்டு. 1820களில் புதிய மிஷனரிகள் ஆலயத்தில் சாதிப் பிரிவினை கூடாது என்று இறங்கியபோது, எதிர்த்து எழுதியவர்களில் முன்னால் நின்றவர் இதே சாஸ்திரியார்தான். நம்ம ராகத்துக்காக வாதாடிய அதே பேனா தனி உட்காரும் இடத்துக்காகவும் வாதாடியது. இசை நம்முடையதாகிவிட்டால் சபை ஒன்றாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. கீர்த்தனையின் மேல் அப்பாவுக்கு இருந்த சந்தேகம் காற்றிலிருந்து வந்ததல்ல.

அவர் தடுக்கி விழுந்த இடம் பறை. ஆராதனைக்குள் பறையைக் கொண்டுவர அவர் போராடினார். பல தலித் சபைகளின் பெரியவர்களே வேண்டாம் என்றார்கள். சாவு வீட்டில் கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்ட கருவி, அதைவிட்டு வெளியே வரத்தானே கோவிலுக்கு வந்தோம், ஆர்கனும் கீர்த்தனையும் எங்களுக்கு மரியாதை என்பது அவர்கள் கட்சி. இழிவென்று ஒதுக்கியதை அங்கேயே வைத்து நிமிர்த்த வேண்டும் என்பது அவர் கட்சி. நான் இதில் பெரியவர்கள் பக்கம் சாய்கிறேன். பாட்டு ஜனங்களுடையது என்று சொல்கிறவர் ஜனங்கள் சொல்லும் 'வேண்டாம்' என்பதையும் பாட்டாகக் கேட்க வேண்டும். (அடுத்த தலைமுறை அதே பறையைப் பெருமையாக மேடையேற்றிவிட்டது. அந்த அளவில் அண்ணன் ஜெயித்தார்.)

இவ்வளவு சண்டைக்கும் பிறகு, இன்றைய 'வர்ஷிப் டீம்' பக்கம் திரும்பினால் அப்பாவுவின் கேள்விதான் கூராக நிற்கிறது: பாட்டின் மேல் ஜனங்களுக்கு என்ன உரிமை? புதுப் பாட்டு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சிலது நல்லாவே இருக்கு. ஆனால் சுருதி, பாடகர் யூடியூபில் வைத்த சுருதி. எத்தனை தடவை திருப்புவது என்பதை ட்ரம்ஸ் தீர்மானிக்கிறது. வரி சுவரில் வந்து மறைகிறது, வீட்டுக்கு வருவதில்லை. தோல்பையில் பைபிளோடு கிடந்த பாட்டுப் புத்தகம் குடும்ப ஜெபத்துக்கும் துக்க வீட்டுக்கும் கூடவே வந்தது. போன மாசம் ஒரு அடக்க ஆராதனையில் கரண்ட் போய்விட்டது. இளைஞர்கள் ஒருவருக்கும் இரண்டாம் சரணம் தெரியவில்லை. பெரியம்மா வயசுக்காரர்கள்தான் கல்லறைவரை பாடிக்கொண்டு போனார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு கீபோர்டு வாசிக்கிற தம்பியிடம் சுருதியைக் குறைக்கச் சொன்னேன். "அண்ணே, இறக்கினா எடுப்பா இருக்காதே" என்றான். பெரியம்மாவையே அவனிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நம்பர் சொல்லிவிட்டு, அவன் கைவைப்பதற்குள் தன் சுருதியில் பல்லவியைத் தொடங்கிவிட்டார். அவன் கட்டை கட்டையாகத் தேடிப் பிடித்தான். அவன் வழக்கமாக வைப்பதைவிட இரண்டு கட்டை கீழே. இரண்டாம் சரணத்தைத் தன் போனில் எழுதிக்கொண்டான்.